மண்டையில் ஒன்றும் நிற்கவில்லையா? – இணுவில் பக்கத்து மக்கள் பட்ட பாடு நமக்குச் சொல்வது என்ன?



லயத்தில் நாம் அடிக்கடி கேட்கும் சில பேச்சுகள் உண்டு. "நேத்து சொன்னது இன்னைக்கு மறந்து போவுது." "ராத்திரி பூரா தூக்கமே இல்ல, சும்மா சும்மா நெஞ்சு அடிக்குது." "இந்தப் பய எவ்வளவு படிச்சாலும் மண்டையில ஏற மாட்டேங்குது." இப்படிப்பட்டவர்களுக்கு நாம் உடனே ஒரு பேர் வைத்துவிடுகிறோம். சோம்பேறி, சிடுமூஞ்சி, மக்கு என்கிறோம். சில வீடுகளில் காத்துக் கருப்பு என்று சொல்லி கோடாங்கியைத் தேடிப் போவதும் உண்டு.

வைத்திய விஞ்ஞானம் சொல்வது வேறு. நீண்ட நாள் பயத்திலும் கவலையிலும் கிடக்கும் மனிதரின் உடம்பில் சில சுரப்புகள் ஒழுங்கு கெட்டுப் போகின்றன. அவை மூளையைத் தொடுகின்றன. அதனால் ஞாபகமும், பொறுமையும், படிப்பும் கெடுகின்றன. இது அந்த மனிதரின் குற்றமில்லை. முக்கியமாக, இது பெரும்பாலும் திரும்பச் சரியாகக் கூடிய ஒன்று. இதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறோம்.

உடம்புக்குள் அடிக்கும் மணி

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பக்கத்து மரத்தில் குளவிக்கூடு கலைந்துவிட்டது. "குளவி! குளவி!" என்று யாரோ கத்துகிறார்கள். நீங்கள் யோசிக்கும் முன்னமே கால் ஓடத் தொடங்கிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் காய்கிறது, கை நடுங்குகிறது. சாதாரண நாளில் தாண்ட முடியாத கானை ஒரே எட்டில் தாண்டிவிடுகிறீர்கள்.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? நமது இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே தொப்பி மாதிரி இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. இவற்றுக்கு அதிரீனல் சுரப்பி என்று பெயர். ஆபத்து என்று மூளை அறிந்ததும், நரம்பு வழியாக ஒரு கட்டளை அங்கே போகிறது. உடனே அதிரினலின் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் கலக்கிறது. (பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் இதை ஓமோன் என்று படிப்பார்கள்.) இது சில வினாடிகளில் நடக்கும் வேலை.

அடுத்தபடியாக, மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி வழியாக இன்னொரு கட்டளை போகிறது. அப்போது அதே அதிரீனல் சுரப்பியிலிருந்து கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் வருகிறது. இது கொஞ்சம் ஆறுதலாக, சில நிமிடங்கள் கழித்துத்தான் கூடும். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் சீனியை இரத்தத்துக்கு எடுத்துக் கொடுப்பது இதன் ஒரு வேலை. ஓடுவதற்குப் பலம் வேண்டுமல்லவா?

குளவி போய்விட்டது என்று தெரிந்ததும் மூளையே மணியை நிறுத்திவிடும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கும். ஒரு தேத்தண்ணி குடித்து, நடந்ததைச் சொல்லிச் சிரிக்கிற நிலைமைக்கு வந்துவிடுவோம். ஆகவே இந்த ஹோர்மோன்கள் நமக்கு எதிரி இல்லை. காலையில் நாம் கண் விழித்து எழும்புவதற்கே கோர்ட்டிசோல் உதவுகிறது. விடியற்காலையில் அது கூடி, இரவில் குறைவதுதான் இயற்கை.

மணி நிற்காமல் அடித்தால்?

கஷ்டம் எங்கே தொடங்குகிறது என்றால், மணி நிற்காதபோதுதான். கடன்காரன் வருவானோ, குடித்துவிட்டு வந்து அடிப்பாரோ, மழைக்கு மண் சரியுமோ என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருந்தால், உடம்பு அதையும் குளவி மாதிரித்தான் எடுத்துக்கொள்ளும். இதை வைத்தியர்கள் நெருக்கீடு என்று சொல்கிறார்கள்.

1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் புரூஸ் மெக்யூவன் என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார். நெருக்கீட்டு ஹோர்மோன் இரத்தத்தில் சுற்றி வருவதோடு நிற்பதில்லை, மூளைக்குள்ளேயும் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதே அது. அது அதிகமாக ஒட்டிய இடம் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி. கடற்குதிரை போல வளைந்த இந்தப் பகுதிதான் புதிதாகக் கேட்பதையும் பார்ப்பதையும் ஞாபகத்தில் பதிய வைக்கிறது. நெருக்கீடு நீடித்தால் அங்குள்ள நரம்புக் கிளைகள் சுருங்குவதைப் பின்னர் மிருகங்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். செடி செத்துவிடவில்லை, ஆனால் கிளை குறைந்து நிற்கிறது.

மனிதரைப் பற்றி 1998ல் கனடாவிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. வயதானவர்களின் கோர்ட்டிசோலைப் பல வருஷமாக அளந்து வந்தார்கள். வருஷா வருஷம் கோர்ட்டிசோல் கூடிக்கொண்டே போனவர்களுக்கு ஹிப்போகம்பஸ், மற்றவர்களை விட 14 வீதம் சிறிதாக இருந்தது. ஞாபகப் பரீட்சையிலும் அவர்கள் பின்தங்கினார்கள்.

இன்னும் இரண்டு பகுதிகளையும் தெரிந்து வைப்பது நல்லது. ஒன்று அமிக்டலா. பாதாம் பருப்பு அளவான இதுதான் பயத்தைக் காவல் காக்கிறது. நெருக்கீடு நீடிக்கும்போது இந்தக் காவல்காரன் அளவுக்கு மிஞ்சி உஷாராகிவிடுகிறான். கதவு தட்டினாலே தூக்கிவாரிப் போடுகிறது. மற்றது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. "பொறு, யோசித்துச் செய்" என்று சொல்லும் பெரிய மனிதர் இவர். நெருக்கீட்டில் இவருடைய குரல் அடங்கிப் போகிறது. அதனால்தான் ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கை ஓங்குகிறோம், கணக்குப் பிழைக்கிறோம், செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் மறக்கிறோம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. எல்லோருக்கும் கோர்ட்டிசோல் கூடித்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நோயாளியான சிலருக்கு அது குறைவாகவும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கூடுவதோ குறைவதோ, மணி நேரத்துக்கு அடித்து நேரத்துக்கு நிற்கும் அந்த ஒழுங்கு கெடுவதே விஷயம்.

இணுவில் பக்கம் நடந்தது

இதை நம் நாட்டிலேயே, நம் மொழி பேசும் மக்களிடமே பார்த்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அதற்கு யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவிலுக்கு அடுத்து வருவது இணுவில். செம்மண் தோட்டங்கள், புகையிலை, மரக்கறி, கந்தசுவாமி கோயில், பேர் போன நாதஸ்வர தவில் கலைஞர்கள், 1898ல் அமெரிக்க மிஷன் தொடங்கிய மக்லியொட் ஆஸ்பத்திரி என்று அமைதியாக வாழ்ந்த ஊர். அந்த ஊரும் அதைச் சுற்றிய வலிகாமம் முழுவதும் பல வருஷம் போருக்குள் கிடந்தது.

1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படையின் தாக்குதலின்போது சனங்கள் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அடைந்து கிடந்தார்கள். 1990 ஜூனில் திரும்பவும் யுத்தம் தொடங்கியது. வருஷக்கணக்கில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பிளேன் சத்தம் கேட்டால் பதுங்கு குழி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும், இணுவில் ஆட்களும் சேர்த்து, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். லட்சக்கணக்கான சனம் ஒரே நேரத்தில் ஊரை விட்டது. 1996 ஏப்ரலுக்குப் பிறகுதான் பெரும்பாலோர் திரும்பி வரத் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்தில் இணுவிலிலிருந்து அதே வீதியால் இன்னும் வடக்கே இருக்கும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவிலும், யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் வேலை செய்தவர் டொக்டர் தயா சோமசுந்தரம். அவரும் டொக்டர் சிவயோகனும் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு சமூகத்தில் சுமார் நூறு பேரைத் தெரிந்தெடுத்து விசாரித்தார்கள். 1994ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி 100க்கு 64 பேருக்கு உளப் பாதிப்பு இருந்தது. 27 பேருக்கு மனவடு நோய், 25 பேருக்குக் கடும் மனச்சோர்வு. எல்லாவற்றையும் விட அதிகமாக, 41 பேருக்கு உடம்பு வழியாகவே வருத்தம் வெளிப்பட்டது.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். நம் சனங்கள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்வது குறைவு. தலையிடி, நெஞ்சு எரிவு, உடம்பு உளைவு, கை கால் விறைப்பு என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இரத்தம் சோதித்தால் ஒன்றும் தெரியாது. உடனே "நடிக்கிறாங்க" என்று சொல்லிவிடுவோம். அவர்கள் நடிக்கவில்லை. நிற்காமல் அடிக்கும் மணியின் சத்தம்தான் உடம்பு வழியாகக் கேட்கிறது.

பிள்ளைகள் எப்படி? 2009ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்களும் இங்குள்ளவர்களும் சேர்ந்து வடகிழக்கில் 420 பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். 100க்கு 92 பிள்ளைகள் குண்டு வீச்சு, ஷெல், சொந்தக்காரர் சாவு போன்ற கொடுமைகளுக்குள் அகப்பட்டிருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு மனவடு நோய் இருந்தது. ஞாபகப் பரீட்சையிலும் பள்ளிக்கூடப் புள்ளிகளிலும் அந்தப் பாதிப்பு தெரிந்தது. அந்தப் பிள்ளைகளை மக்கு என்று சொன்னால் நியாயமாகுமா?

நம் மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முதலாவது, அந்தச் சனத்துக்குள் நம் சனமும் இருக்கிறார்கள். 1977 வன்செயலில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறிய தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனை! 2009ல் முடிந்த கடைசி யுத்தத்திலும் அவர்கள் அகப்பட்டார்கள். இன்றைக்கும் நம்மில் பலருக்கு அங்கே மாமன், அத்தை, பெரியம்மா பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மணி அடிக்க ஷெல் விழ வேண்டும் என்றில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அதற்குப் பிறகு மலைச்சரிவு லயங்களில் இருப்பவர்கள் பெரிய மழை பெய்யும் இரவுகளில் எப்படித் தூங்குவார்கள்? அதோடு சில்லறைக் கடன், நுண்கடன் தவணை, கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற கவலை, கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளையின் நினைப்பு. ஒவ்வொன்றும் ஒரு சின்ன மணிதான். எல்லாம் சேர்ந்து நாள் முழுக்க அடிக்கிறது.

மூன்றாவது, மிக முக்கியமானது. 2008ல் வெளிவந்த ஒரு ஆய்வு வடகிழக்கில் 296 பிள்ளைகளைப் பார்த்தது. யுத்தமும் சுனாமியும் கண்ட பிள்ளைகள் அவர்கள். அப்படியிருந்தும், வீட்டுக்குள் நடக்கும் அடிதடியும் அந்தப் பிள்ளைகளின் மனநோய்க்குத் தனியான ஒரு காரணமாக இருப்பது தெரிந்தது. தகப்பன் குடிப்பது அந்த அடிதடியோடு சேர்ந்தே காணப்பட்டது. அடுத்த காம்பராவில் இரவு சத்தம் கேட்கும்போது, அந்த வீட்டுப் பிள்ளையின் மூளையில் என்ன நடக்கிறது என்று இனி நாம் யோசிக்க வேண்டும்.

மூளை திரும்பத் தளிர்க்கும்

கவ்வாத்து வெட்டிய செடி துளிர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மூளையும் அப்படித்தான். நியூயோர்க்கில் பெரிய சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த வைத்திய மாணவர்களைப் பரிசோதித்த ஆய்வு 2009ல் வெளிவந்தது. ஒரு மாத நெருக்கீட்டில் அவர்களுடைய முன்மூளை வேலை குறைந்து, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பக் கஷ்டப்பட்டார்கள். சோதனை முடிந்து ஒரு மாதம் ஓய்வாக இருந்ததும் அது பழையபடி ஆகிவிட்டது.

வயதானவர்களுக்கும் நம்பிக்கை உண்டு. 2011ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 120 பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு வருஷம் கிழமைக்கு மூன்று நாள், 40 நிமிடம் நடந்தவர்களின் ஹிப்போகம்பஸ் சுமார் 2 வீதம் வளர்ந்திருந்தது. நடக்காமல் தசைப்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது குறைந்துபோனது. மலை ஏறி இறங்குகிற உங்களுக்கு நடக்கச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பென்ஷனுக்குப் பிறகு காம்பராவுக்குள்ளேயே முடங்கிவிட்ட தாத்தா, பாட்டிமாரை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.

யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் மருந்தோடு நிறுத்தவில்லை. டொக்டர் சோமசுந்தரம் நம் மக்களுக்குப் பழக்கமான முறைகளையே வைத்தியமாகச் சொல்லிக் கொடுத்தார். மூச்சுப் பயிற்சி, உடம்பைத் தளர்த்தும் சாந்தி ஆசனம், அவரவர் சமயத்துக்கு ஏற்ற ஜெபம் ஆகியவையே அவை. சைவர் ஓம் என்று சொல்லலாம், வேதக்காரர் செபமாலை உருட்டலாம், இஸ்லாமியர் திக்ர் சொல்லலாம். தன் அனுபவங்களை "மனவடு" என்ற தமிழ்ப் புத்தகத்திலும் எழுதினார். ஆட்களோடு ஆளாகக் கலந்திருப்பதும், கோயில் திருவிழாவும், மேளமும், மனம் விட்டுப் பேசுவதும் மருந்துக்குத் துணை நிற்பவை.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

மூச்சு: நேராக உட்காருங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக இழுங்கள். 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். காலையும் இரவும் 10 நிமிடம் போதும். மூச்சு ஆறுதலாக வெளியே போகும்போது நெஞ்சுத் துடிப்பும் அடங்கும்.

சாந்தி ஆசனம்: பாயில் மல்லாந்து படுங்கள். கால் விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியையும் கொஞ்ச நேரம் இறுக்கி, பிறகு தளர விடுங்கள். முகம் வரை வந்ததும் அப்படியே கிடந்து மூச்சைக் கவனியுங்கள்.

தூக்கம்: பகலில் பதிந்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். படுக்கும் நேரத்தில் கடுஞ்சாயத் தேத்தண்ணி வேண்டாம். கடன் பேச்சு, சண்டைப் பேச்சைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாராயமும் கசிப்பும்: "ஒரு அரை போட்டா கவலை மறக்குது" என்பார்கள். மறப்பது சில மணி நேரம்தான். தூக்கத்தையும் மூளையையும் கெடுத்து, அடுத்த நாள் மணியைக் கூடச் சத்தமாக அடிக்கச் செய்கிறது. கடனும் கூடுகிறது.

பிள்ளைகள்: படிப்பு ஏறவில்லை என்றால் அடிக்காதீர்கள். அடித்தால் மணி இன்னும் கூடும், படிப்பு இன்னும் இறங்கும். "என்னப்பா பயமா இருக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைக்காம்பரா பொறுப்பாளருக்கும் டீச்சருக்கும் வீட்டு நிலைமையைச் சொல்லி வையுங்கள்.

பேச்சு: நம்பிக்கையான ஒருவரிடம் மனசைக் கொட்டுங்கள். கேட்பவரும் உடனே புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

எப்போது கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமில்லாமலும், வேலையில் மனமில்லாமலும், எதற்கும் அழுகையாகவும் இருந்தால். பயங்கர நினைவுகள் திரும்பத் திரும்ப வந்தால். பழகிய பாதையே மறந்து தடுமாறினால் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லுங்கள், அல்லது அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறதிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, சீனி வருத்தம், பிரஷர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும். மனநோய் கிளினிக்கில் குளிசை கொடுத்தால் சொந்தமாக நிறுத்த வேண்டாம்.

"இனி இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணியும் உதவி கேட்கலாம்.

கடனும் மழையும் நாளைக்கே நின்றுவிடப் போவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா மறந்து மறந்து நிற்கும்போது "என்ன மண்டை கெட்டுப் போச்சா?" என்று கேட்பதா, "வாங்க அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்று கூப்பிடுவதா என்பது நம் கையில் இருக்கிறது. இரண்டாவது பேச்சு அந்த மணியைக் கொஞ்சமாவது குறைக்கும்.